காவடிக்கு எந்தக் கிளிப்?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான். எங்கே ஒற்றுப் போடுவது, எங்கே விடுவது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. தோன்றிய இடத்தில் போட்டிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் தப்பைத் திருத்திக்கொண்டு வாசிக்க வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர். சிரம்பானில் லோரி ஓட்டுகிறார். எங்கே நாலு பேர் கூடினாலும் போன பங்குனியில் நடந்த காவடிக் கதையை எடுத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளரும். கடைசியாக ரெம்பாவில் ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னபோது, காவடியைக் கழற்றும் பிளையரை நான் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததாகவும், அவர் பொழுது சாயும் வரை காவடியோடு நின்றதாகவும் ஆகியிருந்தது. பந்தியில் எழுந்து மறுத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு குனிந்திருந்தேன். காகிதம் என்றால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை தோட்டத்துப் பட்டறையில். புல் வெட்டும் மெஷின், மருந்து அடிக்கும் பம்பு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் மோட்டார் தள்ளுவண்டி, இவைதான் என் கைக்கு வரும். பாதிப் பழுது பெரிய சாமானில் இருக்காது. ஓர் அச்சையோ ஊசியையோ கழலாமல் பிடித்துக்கொண்டிருந்த சின்னக் கிளிப் காட்டில் எங்காவது விழுந்திருக்கும். அது விழுந்தால் ஊசி கழலும். ஊசி கழன்றால் வண்டி படுத்துவிடும். எந்த இடத்துக்கு எந்தக் கிளிப் என்று யோசிப்பதில் எனக்கு ஒரு ஆசை உண்டு. வெளியே சொல்லிக்கொள்ளும்படியான ஆசை இல்லை என்பதால் சொன்னதில்லை.

தங்கைக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்துத்தான் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் மூச்சுவிடச் சிரமப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் நின்று வேண்டிக்கொண்டார்: பிள்ளை நல்லபடியாக வீடு வந்தால், எங்கள் தோட்டத்து முருகனுக்கு மூன்று பங்குனி உத்திரம் தொடர்ந்து காவடி எடுப்பதாக. பிள்ளை வந்துவிட்டது. இப்போது என் ஸ்பேனர்களைத் தூக்கிச் சாக்கடையில் போடும் அளவுக்கு நல்லபடியாகவே இருக்கிறது.

காவடியை நான்தான் செய்து கொடுத்தேன். அலுமினியக் கம்பி வளைவுகள், உச்சியில் மயில், தோளில் உட்காரும் இரண்டு மெத்தைகள், எல்லாவற்றையும் தாங்கும் ஓர் இடுப்புப் பட்டை. அந்தப் பட்டை இரண்டு பாதி. முன்பாதியை வயிற்றில் வைத்து, பின்பாதியை முதுகில் வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஓர் இரும்பு ஊசி மேலிருந்து இறக்க வேண்டும். கதவுக் கீல் மாதிரி. ஆடுகிற ஆட்டத்தில் ஊசி மேலே எகிறாமல் இருக்க, அடி முனையில் ஒரு கிளிப். இவ்வளவுதான். இந்தக் கதை முழுக்க அந்தக் கிளிப்பில்தான் இருக்கிறது.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருஷம் ஊர்வலத்தில் பாதி வழியில் இடப்பக்கக் கிளிப் கழன்றது. அது 'ஆர்' கிளிப். ஆங்கில எழுத்தைப் போல வளைந்த கம்பி. ஊசியின் துளையில் கையாலேயே செருகி, கையாலேயே உருவலாம். டிரெய்லர் கொக்கிக்குப் போடுவது. மாப்பிள்ளையின் மஞ்சள் வேட்டி அதன் வளைவில் மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றும்போது உருவிக்கொண்டு போய்விட்டது. ஊசி எகிறி, பட்டை வாய் பிளந்து, காவடி ஒரு பக்கம் சாய்ந்தது. நாலு பேர் தாங்கிப் பிடித்துக் கோயில் வரை கொண்டுபோனார்கள். தரையில் படவில்லை. படாததால் கணக்கில் சேரும் என்று பூசாரி சொன்னார்.

என் தங்கை மட்டும் சமாதானம் ஆகவில்லை. "மூணாவது வருஷம் நடுவழியில எறங்கிச்சுன்னா மறுபடியும் மொதல்லேருந்துதான் அண்ணே. சாமிகிட்ட அரைகுறையா நிக்கக்கூடாது. பிள்ள விஷயம்."

"மொதல்லேருந்துன்னா இன்னும் மூணு வருஷமா?" என்றார் மாப்பிள்ளை. "என் முட்டிய யாருலா கேக்குறது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆக மூன்றாம் வருஷம் காவடி கோயில் சேர்ந்து இறங்கும் வரை அந்த ஊசிகள் நிற்பது என் பொறுப்பாயிற்று.

விரதம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு முற்றத்தில் சோதனை வைத்தேன். மயிலும் பீலியும் ஏறாதவரை அது வெறும் அலுமினியம்தானே, தப்பில்லை. பட்டறை லேத்தில் புது ஊசிகள் கடைந்து வைத்திருந்தேன். முனையில் துளையும் இருக்கும், அதற்கு மேலே சுற்றி ஒரு பள்ளமும் இருக்கும். எந்தக் கிளிப்பையும் போட்டுப் பார்க்கலாம். மேசைமேல் வகைக்கு ஒன்றாக வரிசையாக வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை கொஞ்சம் நீண்டுவிட்டது.

"மச்சான், தேர்ந்தெடுத்தாச்சா, இல்ல நான் போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வரட்டுமா?" என்றார் மாப்பிள்ளை. இடுப்பில் பட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

என் மனைவி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "அவசரப்படுத்தாதீங்க தம்பி. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு பாக்கல. எங்க வீட்டு மேசை ஃபேனத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

அது உண்மை. அந்த ஃபேனின் கழுத்தில் ஒரு கிளிப் இல்லாமல் தலை கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வேறு எங்கே பார்ப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான பிறகு அதைச் சரிசெய்து கொடுத்தேன். அதை யாரும் சொல்வதில்லை.

முதலில் ஸ்பிலிட் பின் போட்டேன். துளையில் விட்டு இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட்டால் பூகம்பம் வந்தாலும் கழலாது. மாப்பிள்ளை ஒரு குதி குதித்தார். உடனே நின்று தொடையைத் தடவினார். மடக்கிய கால் குத்தியிருந்தது.

"நாக்குல அலகு குத்துறதா வேண்டிக்கிட்டேன் மச்சான். தொடைக்கு எப்ப வேண்டுனேன்?"

அடுத்தது 'ஈ' கிளிப். பள்ளத்தில் பக்கவாட்டில் தள்ளினால் டக்கென்று உட்காரும். பார்க்க அழகாக இருக்கும். இரண்டு சுற்று நன்றாக நின்றது. மூன்றாவது சுற்றில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. கிளிப் பறந்து முருங்கை மரத்தடியில் மினுங்கியது. நான் குனிவதற்குள் எங்கள் சிவப்புக் கோழி ஓடிவந்து கொத்தி விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்துபோனது.

பக்கத்து வீட்டு இந்தோனேசியக்காரர் தன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பட்டை கட்டிக் குதிக்கும் ஆளையும், கோழியின் பின்னால் ஓடும் ஆளையும் பார்த்து, எதற்கும் ஒரு மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேசாம கேபிள் டை போட்டு இழுத்துவிடுங்க," என்றாள் மனைவி.

எனக்கு அது பிடிக்கவில்லை. சாமி காவடிக்கு, மருந்துப் பம்பின் ரப்பர் குழாயைக் கட்டுவது மாதிரி பிளாஸ்டிக்கைக் கட்டுவதா? கடைசியில் சர்க்ளிப்பை எடுத்தேன். தடித்த எஃகு வளையம். முழுசாகச் சேராமல் ஓரத்தில் சின்ன இடைவெளி. அந்த இரண்டு முனையிலும் எறும்புக் கண்ணளவு துளை. பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. வேட்டி மாட்டாது, தொடையைக் குத்தாது, பறக்காது. மாப்பிள்ளை ஆடிப் பார்த்தார், முற்றத்தை மூன்று தடவை சுற்றி ஓடியும் பார்த்தார். ஊசி அசையவில்லை.

கழற்றுவதற்கு மட்டும் அதற்கென்று இருக்கும் பிளையர் வேண்டும். மற்ற பிளையரை அழுத்தினால் வாய் மூடும். இதை அழுத்தினால் வாய் திறக்கும். அதன் ஊசி வாய்களை அந்த இரண்டு துளையில் விட்டு அழுத்தினால் வளையம் விரிந்து இறங்கிவரும்.

"அது இல்லாட்டி?" என்றாள் மனைவி.

"என் பாக்கெட்ல இருக்கும்."

"உங்க பாக்கெட்ல வீட்டுச் சாவியே இருக்காது."

இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாப்பிள்ளை பின்னால் கதை கட்டினார். ஆனால் பங்குனி உத்திரத்தன்று காலையில் காவடி புறப்படும் தோட்டத்து எல்லை ஆற்றங்கரையில் பிளையர் என் பாக்கெட்டில்தான் இருந்தது. நான்தான் இரண்டு கிளிப்பையும் அதனால் போட்டேன். போட்டு முடித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கை சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"கொடுங்கண்ணே. சாமி வேலைக்கு வந்த சாமான். ஒரு பொட்டு வெச்சுடுறேன்."

இதில் தவறு என்ன இருக்கிறது? ஆயுத பூசைக்குப் பட்டறையில் இரும்பைக் கவ்வும் வைசுக்குக்கூடப் பொட்டு வைக்கிறோம். கொடுத்தேன். அவள் பிளையருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அரச மரத்தடியில் இருந்த பூசைத் தட்டில் வெற்றிலை எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் ஏற்றினார்கள். மாப்பிள்ளையின் நாக்கில் அலகு போட்டார்கள். உறுமி முழங்கியது. காவடி எழுந்து ஆடத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் பின்னால் நடந்தோம்.

பிளையர் தட்டிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. அது கண்ணிலேயேதான் இருந்தது. ஆனால் பூசையில் வைத்த சாமானைப் பூசை முடிந்து தட்டை எடுக்கும்வரை தொடுவதில்லை என்று வளர்ந்தவன் நான். ஆயுத பூசைக்கு வைத்த ஸ்பேனரை மறுநாள் வரை எடுக்காமல், விரலாலேயே நட்டைத் திருகிவிட்டு வந்த ஆட்கள் எங்கள் பட்டறையில் உண்டு. தங்கை தட்டை எடுத்து வருவாள் என்று நான் இருந்தேன். காவடி இறங்கிய பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வழியெல்லாம் மற்றவர்கள் மயிலைப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த ஒரு பெண் என் மனைவியிடம் கேட்டது காதில் விழுந்தது.

"என்னாக்கா, உங்க வீட்டுக்காரரு அண்ணாந்து பாக்கவே மாட்டேங்குறாரு?"

"அவரு சாமி அங்க கீழதான் இருக்கு."

காவடி சாயவில்லை. போன வருஷம் சாய்ந்த அதே செம்பனை வளைவில் மாப்பிள்ளை வேண்டுமென்றே இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக ஆடினார். ஊசிகள் இரண்டும் கல்லில் அடித்தது மாதிரி நின்றன. கோயில் சன்னிதியில் காவடிப் பாலை ஊற்றிவிட்டு, பூசாரி விபூதி போட்டு நாக்கிலிருந்த அலகை எடுத்தார். "எறக்கலாம்," என்றார்.

அப்போதுதான் தங்கையின் கையில் தட்டு இல்லாததைக் கண்டேன். என் கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போனது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். காலையிலிருந்து பேசாத நாக்கு. அது பேசிய முதல் வார்த்தை இது:

"மச்சான், என்ன தேடுறீங்க?"

நான் தங்கையைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் நேராக மைக் வைத்திருந்தவரிடம் போனாள். அதுவரை வழியை மறித்து நின்ற காரை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி, இப்போது தோட்டம் முழுக்கக் கேட்கும்படி இப்படிச் சொன்னது:

"பக்தகோடிகளின் கவனத்துக்கு. காவடியிலிருந்து ஒருத்தர கழட்ட முடியாம நிக்கிறோம். சர்க்ளிப் பிளையர் யாராவது வெச்சிருந்தா உடனே சன்னிதிக்குக் கொண்டு வரவும். அன்னதானம் தயாரா இருக்கு."

அப்படியே பூமி பிளந்தால் போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் லோரி, வேன், மோட்டார் வைத்திருப்பவர்கள். ஆளாளுக்கு ஓடினார்கள். கட்டிங் பிளையர் வந்தது, நீள மூக்குப் பிளையர் வந்தது, குழாய் திருகுவது வந்தது, முடிவெட்டும் கத்தரிக்கோல் ஒன்று வந்தது. காணிக்கை மாதிரி ஒவ்வொருவராகப் பயபக்தியோடு நீட்டினார்கள். எல்லாம் கவ்வுகிற வாய்கள். எனக்கு வேண்டியது விரிக்கிற வாய். ஸ்குரூடிரைவரால் நெம்பலாம், நெம்பினால் வளையம் தெறிக்கும், பக்கத்தில் வெற்று வயிறு. நெம்பிக் காவடியை ஆட்டி அது சன்னிதியில் சாய்ந்தால்? தங்கையின் முகத்தில் அந்தப் பயம்தான் இருந்தது. இறக்காதவரை வேண்டுதல் முடியவில்லை, விழுந்தால் முதலிலிருந்து.

"அது ஆத்தங்கரையில பூசையில இருக்குண்ணே," என்றாள் மெதுவாக.

"எடுத்துட்டு வரச் சொல்லலாமே," என்றேன்.

"காவடி எறங்காம தட்ட எப்படி எடுக்குறது?"

"தட்ட எடுக்காம காவடி எப்படி எறங்கும்?"

இது நானே பேசியது. வாழ்க்கையில் அவளை எதிர்த்துப் பேசிய ஒரே தடவை. இருவரும் பூசாரியைப் பார்த்தோம். அவர் மாப்பிள்ளையின் நடுங்குகிற முட்டியைப் பார்த்தார், பந்தலில் ஆறுகிற சாம்பாரையும் பார்த்தார்.

"எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

சாப்பிட வந்திருந்த பக்கத்து வீட்டு இந்தோனேசியக்காரர் மோட்டாரோடு முன்னால் நின்றார். அரச மரத்தடி, தட்டில் ஒரு பிளையர் என்று மலாயில் சொல்லி அனுப்பினோம். அவர் வரும்வரை மாப்பிள்ளையின் காவடியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கினார்கள். நான் கீழே உட்கார்ந்து இரண்டு ஊசியையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தேவையே இல்லை. சர்க்ளிப் பிடித்த பிடியை என் விரல் என்ன செய்யும்? ஆனாலும் எழுந்து நின்று கூட்டத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு அது தேவலை.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை மேலேயிருந்து. "இந்தக் கிளிப் நல்ல கிளிப்தான்."

மோட்டார் சத்தம் கேட்டது. இந்தோனேசியக்காரர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்தார். மறு கையில் முழுத் தட்டு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாததால் வெற்றிலை, எலுமிச்சம்பழம், அணைந்த கற்பூரம் எல்லாவற்றோடும் தூக்கி வந்துவிட்டார். நடுவில் சந்தனமும் குங்குமமுமாக என் பிளையர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே நடந்தார். கூட்டம் தானாக விலகியது. தட்டைக் கண்டதும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உறுமிக்காரர் ஒருவர், என்ன வருகிறது என்று தெரியாமலேயே, வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

பூசாரி தட்டிலிருந்து பிளையரை எடுத்து என் கையில் கொடுத்தார். சந்தனம் வழுக்கியது. வேட்டி முனையில் துடைத்தேன். வலப்பக்கம் இறங்கியது. இடப்பக்கத்துக் கிளிப்பை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு அழுத்தினேன். கோழி எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. வளையம் கைக்குள் விழுந்தது. ஊசிகளை உருவினேன். பட்டை விலகியது. நாலு பேர் காவடியைத் தூக்கி, சாயாமல், முருகன் முன்னால் இறக்கி வைத்தார்கள்.

மாப்பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டார். தங்கை பிள்ளையை இறக்கிவிட்டாள். அது ஓடிவந்து அப்பாவின் தோளில் மெத்தை அழுத்திய சிவப்புத் தடத்தைத் தொட்டுப் பார்த்தது. மாப்பிள்ளை அதன் நெற்றியில் விபூதி பூசினார். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அதெல்லாம் பந்தலுக்குப் போகும் வரைதான்.

"மச்சான், கல்யாணத்துக்கும் இந்தக் கிளிப்தான் போட்டீங்களா?" என்றார், இலையில் உட்கார்ந்ததும்.

"ஆமா லா," என்றாள் என் மனைவி. "அதான் கழட்ட முடியல. பிளையர எந்தத் தட்டுல வெச்சாரோ."

எதிர் வரிசையில் இந்தோனேசியக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்தது என்னவென்று அவருக்கு யாரும் முழுசாக விளக்கவில்லை. ஆனால் அன்று முதல் என் பட்டறைப் பக்கம் வரும்போதெல்லாம் அந்தப் பிளையர் மாட்டியிருக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்து, லேசாகத் தலை குனிந்துவிட்டுத்தான் போகிறார். நானும் திருத்தவில்லை.

இந்தப் பங்குனிக்குக் காவடியைக் கோலா பிலாவிலிருந்து ஒருவர் இரவல் கேட்டிருக்கிறார். அவருக்கு எந்தக் கிளிப் போட்டுக் கொடுப்பது என்று மறுபடியும் மேசைமேல் வகைக்கு ஒன்றாக வைத்தேன். நிற்கிறதா என்று மட்டும்தான் அன்று பார்த்தேன். யார், எங்கே, கையில் என்ன வைத்துக்கொண்டு கழற்றப்போகிறார்கள் என்பதை என் மனைவிதான் அன்றே கேட்டாள். ஆகவே 'ஆர்' கிளிப்புக்கே திரும்பிவிட்டேன். கையால் போடலாம், கையால் எடுக்கலாம். வேட்டி மாட்டாமல் இருக்க, பழைய மழைக்கோட்டை வெட்டி ஊசி முனைக்கு ஓர் உறை தைத்துத் தந்தாள் மனைவி. தைத்துக்கொண்டே, "கேபிள் டைன்னா இவ்வளவு வேல இல்ல," என்றாள். சும்மா இருக்க மாட்டாள்.

மாப்பிள்ளைக்கு இதில் ஒரு பிரதி போகும். பந்தியில் இனி அவர் எழுந்தால் தங்கை இதை எடுத்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். என் கையெழுத்து அவளுக்கு மட்டும் புரியும். சிவப்புக் கோழி இன்றுவரை நலமாக முட்டையிடுகிறது.

மாசி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.